கேட்டதாகப் போட்ட கையெழுத்து

1

நாளைக்குச் சாயங்காலம் இங்கே புத்தகங்களைப் பூஜைக்கு வைக்கிறார்கள். நம் ஊரில் ஆயுத பூஜை என்றால் தையல் மிஷின், சைக்கிள், அரிவாள்மணை என்று கைக்கு அகப்பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரிகடலை தின்போம், அதோடு சரி. கேரளத்தில் மரியாதை முழுக்கப் புத்தகத்துக்குத்தான். பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பேப்பரில் பொதிந்து, பேர் எழுதி, கோயிலிலோ சாமி அறையிலோ வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் திரும்ப எடுக்கும்வரை ஒரு எழுத்தைக்கூட வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் மதி, நான் சொல்லாமலே இன்று மத்தியானமே பொதிய ஆரம்பித்துவிட்டாள்.

நானோ அந்தப் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டதும் எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்தேன். போன வருஷம் இதே நாட்களில் நடந்ததை ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் "மதி நல்லாப் படிக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர்கள் இரண்டு மூன்று பேராவது இதைப் படிப்பார்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2

கல்யாணத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தேன். முறையாகப் பயிற்சி படித்தவள். எழுத்தே தெரியாமல் ஜூன் மாதம் அழுதுகொண்டு வந்த பிள்ளை, பொங்கல் லீவுக்குள் கடைப் பலகையை வாசிக்க வேண்டும் என்பது என் கணக்கு. பெரும்பாலும் வாசித்துவிடும். தலைமையாசிரியரே மற்ற டீச்சர்களிடம், "செல்வி கிளாஸுல போய் உக்காந்து பாருங்க" என்பார். எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை. பாடத்தை மணிமணியாக ஒப்பிக்கும். ஒரு நாள் பக்கத்தில் போய் நின்றபோது கவனித்தேன், வாய் ஒரு வரியில் இருக்கிறது, விரல் இன்னொரு வரியில் போகிறது. எல்லாம் மனப்பாடம். நான் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பிக் கொடுத்து, "ம், படி" என்றேன். அவள் அதையும் அதே வேகத்தில் படித்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவளைத் தனியாக உட்கார்த்தி, அட்டையில் ஒரு எழுத்து மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை போட்டு, பக்கத்தின் மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் நிஜமாகவே வாசித்தாள். அந்த மூன்று மாதத்தைத்தான் நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன், சிரித்ததைச் சொல்லமாட்டேன்.

3

இங்கே வந்து ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பு. காலையில் காய்கறி வண்டி வருவதற்கு முன்னால் போனால், மதி தூங்கின பிறகுதான் வருவார். வலியசாலையில் ஒரு மாடி வீடு வாடகைக்கு. கீழே வீட்டுக்கார மாமி. தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், அவர்கள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. சனிக்கிழமை தோறும் மாடியில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் அக்ரகாரத்துப் பிள்ளைகளும் உண்டு, ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளும் உண்டு. அதனால் தெருவில் எனக்குப் பேரே டீச்சர்தான்.

டீச்சருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

பேச நன்றாக வரும். சாலைக் கடைவீதியில் மீன்காரியோடு பேரம் பேசி ஜெயிக்கிற அளவுக்கு வரும். எழுத்துதான் தெரியாது. வந்த முதல் வருஷம் என் வீட்டுக்காரர், "ஏட்டி, தினம் பத்து எழுத்து நான் சொல்லித் தாரேன்" என்றார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர், ஹோட்டலில் சீட்டையும் பேப்பரையும் பார்த்துப் பார்த்தே மலையாளம் படிக்கக் கற்றவர். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எனக்கு நீங்க எழுத்துச் சொல்லித் தாரீகளாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கும் ஒரு எண்ணம், இது என்ன, நம்ம எழுத்துக்கு அக்கா தங்கச்சி மாதிரித்தானே இருக்கிறது, ஒரு வாரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று. தமிழ்நாட்டிலிருந்து வருகிற எல்லோருக்கும் இந்த எண்ணம் உண்டு. அந்த ஒரு வாரம் ஒன்பது வருஷமாக வரவில்லை. பஸ் வந்தால் பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஏறுகிறவர்களிடம் "கிழக்கேகோட்டையல்லே?" என்று கேட்டு ஏறுவேன்.

மதியைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் இருக்கப்போகிறாள், இந்த ஊர்ப் பிள்ளையாகவே படிக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக மலையாளத்தில் சேர்த்தேன். இரண்டு எழுத்தும் குழம்பிவிடக் கூடாது என்று அவளுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லித் தரவில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் மாடியில் அ போட்டுக் கொடுத்தவள், என் பிள்ளையை மட்டும் கீழே மாமி வீட்டு டி.வி.க்கு அனுப்பினேன்.

4

போன வருஷம் அவள் இரண்டாம் வகுப்பு. ஷீஜா டீச்சர் என்று ஒருவர் வகுப்பாசிரியை. ஜூன் மாதம் ஒரு நோட்டுக் கொடுத்துவிட்டார். தினமும் பிள்ளை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும், கேட்டவர் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. நானே எங்கள் பள்ளிக்கூடத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

சாயங்காலம் நான் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மதி நிலைப்படியில் உட்கார்ந்து வாசிப்பாள். குடையைத் தொலைத்த ஆனை, தேங்காய்க்குள் ஒளிந்த எலி என்று நன்றாக இருக்கும். குரலை ஏற்றி இறக்கி வாசிப்பாள். எனக்குக் கதை புரியும், சிரிப்பேன். "கொள்ளாம் மோளே" என்று மெச்சிக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

ஜூலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். ஒரு நாள் எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் மூன்றே மூன்று வரி. அவள் கதை பத்து வாக்கியம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண் படத்தில் இருந்தது. விரல் சும்மா தாளில் உலாவியது. ஆறு வருஷம் இதே வேலை பார்த்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். பிள்ளை வாசிக்கவில்லை, படத்தைப் பார்த்துக் கதை கட்டுகிறாள்.

"இந்த வரிய மட்டும் வாசி" என்று விரல் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் ஏதாவது சொல்வாள். அது சரியா தப்பா என்று சொல்ல எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். அந்த ஒரு பயத்தில் திரும்ப வந்து வெண்டைக்காயை நறுக்கினேன். கதை முடிந்ததும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். ஓணம் போய், அக்டோபர் வரை போட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். ஒருமுறை வாயெடுத்தேன். "நீ டீச்சருல்லா, உனக்குத் தெரியாததா? நீயே பாத்துக்கோ" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை, நம்பித்தான் சொன்னார்.

5

பூஜை லீவு விடுகிற அன்று ஷீஜா டீச்சர் போன் பண்ணி வரச் சொன்னார். வகுப்பில் பிள்ளைகள் போயிருந்தார்கள். மதியை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

"மதியுடெ அம்மே, ஞான் ஒரு காரியம் சோதிக்கட்டே? வீட்டில் எல்லா திவசமும் வாயிக்குந்நுண்டோ?" தினமும் வாசிக்கிறாளா என்று கேட்கிறார்.

"உண்டு டீச்சர்."

அவர் நோட்டைப் புரட்டினார். நாலு மாதக் கையெழுத்து, ஒரு நாள்கூட விடாமல். கிளாஸில் வேறு ஒரு பிள்ளைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக வீட்டில் கையெழுத்து வருவதில்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், மதிக்கு எழுத்துகளே பாதி தெரியவில்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து அழகாக எழுதுவாள். வாசி என்றால் வாயைத் திறக்கமாட்டாள். முதலில் தானும் கூச்சம் என்று நினைத்துவிட்டாராம். வீட்டில் தினமும் இவ்வளவு கவனித்தும் ஏறவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது, படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சர் ஒருவர் வருவார், அவர் பரிசோதித்துச் சொல்லட்டும் என்று ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"பேடிக்கண்டா. இது குட்டிக்கு நல்லதாணு." பயப்பட வேண்டாம், பிள்ளையின் நல்லதுக்குத்தான் என்கிறார்.

தேவைப்படுகிற பிள்ளைக்கு அது நல்லதுதான். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒருவர் வந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருக்கும். ஆனால் மதிக்கு வேண்டியிருந்தது பரிசோதனை இல்லை. எழுத்தைச் சொல்லிக் கொடுத்து, தப்பைத் திருத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் இல்லை என்பதை அந்த அறையில் நான் ஒருத்திதான் அறிவேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷீஜா டீச்சருக்கும் என்னைத் தெருவில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். "அம்ம ஒரு டீச்சறல்லே, மனசிலாகும்" என்று வேறு சொன்னார், எனக்குப் புரியுமாம்.

முழுக்க மலையாளத்தில் இருந்த அந்தத் தாளை வாசிக்கிற பாவனையில் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

கேட்டைத் தாண்டினதும் மதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மே, டீச்சர் வழக்கு பறஞ்ஞோ?" என்றாள். திட்டினாரா என்று கேட்கிறாள்.

"இல்லட்டி."

"ஞான் ஒண்ணும் பறஞ்ஞில்ல, கேட்டோ."

"என்ன சொல்லல?"

"அம்மைக்கு வாயிக்கான் அறியில்லன்னு."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதென்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு அவள் தயங்கவே இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் உறுதிமொழி இருக்கிறதே, தினமும் அசெம்பிளியில் எல்லோரும் கையை நீட்டிச் சொல்கிற அதே உறுதிமொழி, அந்தப் பக்கத்தை விரித்துவைத்து ஒரு நாள் பூனைக்குட்டிக் கதை சொன்னாளாம். நான் எட்டிப் பார்த்துவிட்டு, கொள்ளாம் என்று கையெழுத்துப் போட்டேனாம்.

"டீச்சர் தினமும் சோதிக்கும், வீட்டில ஆரா கேக்குன்னதுன்னு. அம்மைன்னு பறயும். அம்மைய வழக்கு பறயண்டான்னு ஞான் வேறெ ஒண்ணும் பறஞ்ஞில்ல."

ஏழு வயசுப் பிள்ளை. வீட்டில் யார் கேட்கிறது என்றால் அம்மா என்று சொல்லிவிட்டு, அம்மாவைத் திட்டிவிடக் கூடாது என்று நாலு மாதம் வகுப்பில் எழுந்து வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள், எனக்காக.

6

வீட்டுக்கு வந்ததும் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. லீவு விட்டுவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதி புத்தகங்களையெல்லாம் பொதிந்து மாமி வீட்டுச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்தாள். வாசிக்கக் கூடாத நாட்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது.

விஜயதசமி அன்று காலையில் மாமி மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். அவருடைய தம்பி மகளுக்கு மூன்று வயது. எழுத்துக்கு இருத்துகிற, கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கிற நாள். "கோயில்ல ஹரிஸ்ரீ எழுதி ஆயாச்சு. தமிழ்ல ஒரு ஆனா எழுதி வைக்கணுமோன்னோ, நீதான் டீச்சராச்சே. வந்து கொழந்தை கையைப் பிடி, செல்வி." கூடத்தில் தாம்பாளம் நிறைய அரிசி பரப்பி, விளக்கேற்றி, பட்டுப் பாவாடையில் குழந்தையை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எட்டு வருஷத்தில் அந்தக் கூடத்துக்குள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் வாசல் நடையிலேயே நின்றேன். எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையின் விரலைப் பிடிப்பது? என்னால் முடியாது என்று சொன்னால் ஏன் என்பார்கள். வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"நான் தூரம், மாமி."

மாமி அரை அடி பின்னால் நகர்ந்தார். "அடடா. சரி, போயிட்டு வா, பரவால்ல" என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ வேண்டாத காரியத்திலிருந்து தப்பிக்க இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தருவதிலிருந்து தப்பிக்கச் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாடிக்கு ஏறினால் மதி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மே, ராவிலே விளக்கு வச்சதல்லே? பின்னே எந்தினா கள்ளம் பறஞ்ஞே?"

காலையில் நான் விளக்கேற்றியதைப் பார்த்திருக்கிறாள், பின்னே ஏன் பொய் என்கிறாள். அந்த நாட்களில் விளக்குப் பக்கம் போகமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். கோபமாகக் கேட்கவில்லை. பொய் சொன்னால் எப்போது சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்கிற ஆர்வத்தோடு கேட்டாள். என் வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் புதுப் பாடத்தைக் கேட்பார்கள்.

7

பள்ளிக்கூடம் திறந்த அன்று மணி அடிக்கும் முன்னாலேயே போய் நின்றேன். மதியும் கூடவே நின்றாள். வெளியே போ என்று நான் சொல்லவில்லை.

"டீச்சரே, எனிக்கு மலையாளம் வாயிக்கான் அறியில்ல" என்றேன்.

ஷீஜா டீச்சருக்குப் புரியவில்லை. "நன்னாயிட்டு சம்சாரிக்குந்நுண்டல்லோ!"

"பேசுவேன். எழுத்துத் தெரியாது. ஒரு எழுத்துகூட."

அவர் மேஜையில் இருந்த நோட்டை எடுத்தார். புரட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டு, "அப்போ இதொக்கெ?" என்றார்.

"கேட்டேன். அவ வாசிக்கல, கதை சொல்றாங்கிறது எனக்கு ஜூலையிலயே தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்." பாதி மலையாளமும் பாதி தமிழுமாக வந்தது. "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. எனக்கு வெக்கம்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஞானும் சிரத்திச்சில்லல்லோ" என்று, தானும் கவனிக்காமல் விட்டதாகத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்க எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஃபாரம் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டதாம். நிறுத்தி வைக்கவும் ஒரு விண்ணப்பம் வேண்டும், அதுவும் மலையாளத்தில். ஷீஜா டீச்சரே ஒரு தாளில் நாலு வரி எழுதி, அடியில் விரல் வைத்து, இங்கே கையெழுத்து என்றார். பேனாவை வாங்கிவிட்டேன். பிறகு, "எழுதினத ஒருதடவ வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன். வகுப்பில் அதற்குள் பிள்ளைகள் வந்து பையை வைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிள்ளைகள் என்னையும் மதியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவள் காப்பாற்றி வைத்திருந்ததை அவள் வகுப்பு முன்னாலேயே நான் போட்டு உடைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுக்காமல் எனக்கு எதுவும் வராது போல.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்ட பிறகு அரை மணி நேரம் மதியை வைத்துக்கொள்வதாக டீச்சர் சொன்னார். "அம்மைக்கும் வந்நிரிக்காம்" என்றார். நானும் வந்து உட்கார்ந்து படிக்கலாமாம், உண்மையாகவே கூப்பிட்டார். நானும் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். முதல் வரிசை பெஞ்சில் மதி பக்கத்தில் உட்காரப் போனபோது அவள் நகரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், "அம்ம வெளியே நில்லு" என்றாள். ஷீஜா டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே டீச்சர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு மதி ஆரம்பித்தாள். கதை சொல்கிற குரல் இல்லை அது. ஒரு எழுத்து, ஒரு நிறுத்தம். அடுத்த எழுத்து. திரும்பப் பின்னால் போய் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு முயற்சி. டீச்சர் "அல்ல" என்றார். மறுபடி முதலிலிருந்து. ஒரு வார்த்தைக்கு இத்தனை நேரமா என்று கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளை உண்மையாக வாசிக்கத் தொடங்கும்போது வருகிற சத்தம் அது. ஆறு வருஷம் அதற்காகவே தினம் காலையில் பஸ் பிடித்திருக்கிறேன்.

காதில் விழுந்த வார்த்தை புரிந்தது, தாளில் அது எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. "சரியாணு, மிடுக்கி" என்று ஷீஜா டீச்சர் சொன்னார். எனக்கு உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வெளியே நிற்கச் சொல்லியிருந்தாள். நின்றேன்.